ஒன்பதாம் பாகத்தோடு நிறுத்தப்பட்ட மஹ்ரூப் நானா

மஹ்ரூப் நானா இறந்துபோன செய்தி, அவருடைய புகைப்படம் ஒன்றைக் கேட்டு வந்த குறுஞ்செய்தியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. காலையில் கடையைத் திறந்து, யாரோ ஒருவருடைய கல்யாண அழைப்பிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து, மஹ்ரூப் நானாவின் மொழிபெயர்ப்புகளை அச்சிட்ட பதிப்பாளர் எழுதியிருந்தார்: “மேடம், மஹ்ரூப் சேருடைய தெளிவான ஃபோட்டோ ஒன்று அவசரமாக வேண்டும். அஞ்சலிப் பதிவு போட வேண்டும்.” அஞ்சலி என்ற சொல்லைப் பார்த்த பிறகும் எனக்கு உடனே உறைக்கவில்லை. உறைத்தபோது முதலில் வந்தது கோபம்தான். வருடக்கணக்காக நானாவின் அழைப்பை எடுக்காத மனிதருக்கு, அவர் இறந்தது மட்டும் எனக்கு முந்தியே தெரிந்திருந்தது.

அவருடைய மனைவி ஸீனத் ராத்தாவுக்கு அழைத்தேன். “ஓ தேவி, சுபஹ் தொழுகையோட மவுத்தாகிட்டாங்க. ஒங்களுக்குச் சொல்லச் சொல்லி மகன்கிட்ட சொன்னேன். அவன் பாவம், மறந்தீக்கிறான் போல” என்றார். அழுது முடித்துவிட்ட குரல் அது. நான் கடையைப் பூட்டிக்கொண்டு போனேன். பதிப்பாளருக்குப் படம் அனுப்பவில்லை. மாலையில் அவர் எங்கிருந்தோ மங்கலான படம் ஒன்றைத் தேடியெடுத்து, “எங்கள் பதிப்பகக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர்” என்று எழுதிப் போட்டுவிட்டார். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் கூப்பிய கைகள்.

இந்த நினைவு மலரைத் தொகுக்கும் வாசகர் வட்டத்து நண்பர்கள், “நல்லதாக நாலு வார்த்தை” எழுதித் தரச் சொன்னார்கள். மஹ்ரூப் நானாவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால், அவரே கபுறிலிருந்து எழும்பி வந்து என்னோடு சண்டைக்கு நிற்பார். உங்களில் பெரும்பாலோருக்கு அவரை ஜப்பான் வாகன உதிரிப்பாகக் கடைக்காரராகத் தெரியும். ஏதாவது பார்ட்ஸ் கேட்டுப் போய் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தவர்கள் மாத்தளையில் நிறையப் பேர். விலை குறைக்கச் சொன்னால், “அப்ப நடந்தே போங்க. காலுக்கு பார்ட்ஸ் தேவல்ல” என்பார். அதே ஆள்தான் ‘மேகக்கூடை’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடரைத் தமிழில் கொண்டுவந்தவர் என்பது சிலருக்குத்தான் தெரியும். அந்தச் சிலரிலும் பலருக்கு அது ‘பீச்சாங்கையால சாப்பிடும் புத்தகம்’ என்றுதான் ஞாபகம். அந்தக் கேவலமான பெயர் எப்படி வந்தது என்பதை ஒருமுறையாவது ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இளவயதில் அவர் ஜப்பானுக்குப் போய், பழைய வாகனங்களைப் பிரித்தெடுக்கும் யார்ட் ஒன்றில் வேலை செய்தார். நசுக்குவதற்கு வந்த வேன் ஒன்றின் பின் இருக்கையில் தடித்த மாத இதழ் ஒன்று கிடந்ததாம். ஜப்பானில் இந்தச் சித்திரக்கதைகளை மங்கா என்பார்கள். முதலில் மாத இதழில் தொடராக வந்து, பிறகுதான் பாகம் பாகமாகப் புத்தகமாகும். சிறுவர் இதழ் என்பதால் கடினமான எழுத்துகளின் அருகே, எப்படி வாசிப்பது என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வாசிக்கப் பழகினார். “யார்ட்ல இருந்த மத்த வெளிநாட்டுக்காரனெல்லாம் பொஸ்தகத்தப் பின்பக்கத்தால தொறப்பானுகள். நான் மொத நாளே வலப் பக்கத்தால தொறந்தேன். சின்னதுல குர்ஆன் மதரஸாவுல வாங்கின அடி சும்மாவா போகும்?” என்று பெருமையடிப்பார். குர்ஆன் மாதிரியே ஜப்பானியப் புத்தகமும் வலமிருந்து இடமாக ஓடும். அது அவருக்குப் பழகிய பாதை. தற்பெருமையில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. இந்தப் பெருமையை மட்டும் நான் ஒருநாளும் மறுக்கவில்லை.

கதை இதுதான். ஒரு மலைநாடு. அங்கே மழை தானாகப் பெய்யாது. மலையுச்சியில் மேகத்தைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து இறங்கி, பிரபுக்களின் வயல்களில் கொட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் மக்கள். சுமக்கிறவர்களின் ஊரில் மட்டும் மழை கிடையாது. அந்த ஊரில் பிறந்த மினோ என்ற பெண், ஒருநாள் தன் கூடையை யாருக்கு இறக்குவது என்று யோசிக்கத் தொடங்குகிறாள். முதல் பாகத்தின் படங்களை நான் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா கொழுந்துக் கூடை சுமந்தே முதுகு வளைந்தவள். நாலு பக்கம் பார்த்துவிட்டு, “இது நம்ம கததானடி? அந்த ஊருக்காரனுக்கு யாரு போயிச் சொன்னா?” என்று கேட்டாள்.

ஜப்பானிலேயே அந்தத் தொடர் பட்ட பாடு கொஞ்சமில்லை. தொடங்கிய மாத இதழ் விற்பனையில்லாமல் நின்றுபோனது. கதை அந்தரத்தில் தொங்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வேறோர் இதழ் அதை எடுத்துக்கொண்டது. பிறகு ஓவியருக்கு மணிக்கட்டில் நோய் வந்து பல வருடம் ஒரு பக்கம்கூட வரவில்லை. அந்த ஓவியர் புனைபெயரில் இருந்தவர். ஆணா பெண்ணா என்பதுகூட வாசகர்களுக்குத் தெரியாது. இறந்துவிட்டார் என்று வதந்தி வந்தது. திரும்பி வந்து எழுதினார். மறுபடி நின்றது. மறுபடி எழுதினார். ஒருவழியாகப் பதினான்காம் பாகத்தில் கதை முடிந்தது. அதற்குள் மஹ்ரூப் நானா ஊருக்குத் திரும்பி, கல்யாணம் கட்டி, கடையும் போட்டுவிட்டார். பழைய யார்ட் நண்பர்கள் அவருக்கு உதிரிப்பாகம் ஏற்றும் கொள்கலனில், கியர்பொக்ஸ்களுக்கு நடுவே புதிய பாகங்களையும் செருகி அனுப்புவார்கள். என்னிடம் வந்த மூலப் பிரதிகளின் ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை.

நான் பஸ் நிலையத்தருகே தட்டச்சு, வடிவமைப்பு, போட்டோக்கொப்பி எல்லாம் செய்யும் சின்னக் கடை ஒன்றை வைத்திருக்கிறேன். பில் புத்தகம் அடிக்க வந்தவர், ஒருநாள் முதல் பாகத்தை மேசையில் போட்டு, “தங்கச்சி, இந்த ஜப்பான் எழுத்தெல்லாத்தையும் அழிச்சிட்டு நம்மட எழுத்தப் போட ஏலுமா?” என்று கேட்டார். ஏலும் என்று நான் சொல்லிவிட்டேன். அழிப்பது சுலபம். போடுவதுதான் பிரச்சினை. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே இறங்குவதால், பேச்சுக் குமிழ்கள் ஒடுங்கி நெட்டையாக இருக்கும். அவரோ “கொண்டுவந்திருக்கிறார்கள்”, “ஒப்படைக்கப்பட்டிருக்கிறது” என்று பள்ளிக்கூடத் தமிழில் எழுதிக்கொண்டு வருவார். எந்தக் குமிழும் அதைத் தாங்காது. “எங்க தோட்டத்து லயத்துல இத ‘கொண்டாந்துட்டாங்க’ன்னு முடிச்சிருவாங்க நானா” என்றேன். போட்டுப் பார்த்தோம், பொருந்தியது. அப்படித்தான் மேகம் சுமக்கிறவர்கள் எல்கடுவைத் தமிழ் பேசத் தொடங்கினார்கள். பின்னாளில் ஒரு விமர்சகர் அதைப் பெரிய அரசியல் முடிவு என்று எழுதியபோது, மஹ்ரூப் நானா அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் “நான்தான் முடிவெடுத்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதற்காக நாங்கள் ஒரு கிழமை பேசாமல் இருந்தோம்.

அவருடைய ஜப்பானிய மொழியில் பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. யார்ட்டில் கற்ற மொழி அது. மரியாதைச் சொற்கள் அவர் காதில் விழுந்ததே குறைவு. முதல் பாகத்தில் அரசி அரியணையிலிருந்து, “டேய், கூடைய எறக்குறியா, எறக்க வைக்கவா?” என்று கேட்டாள். புத்தகம் வந்தபின், ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், மூலத்தில் அரசி எவ்வளவு பணிவாகப் பேசுகிறாள் என்று காட்டினார். மஹ்ரூப் நானா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாம் பாகத்தில் அரசியைத் திடீரென்று பண்பானவளாக்கினார். உடனே வாசகர்கள், அரசிக்கு என்ன நடந்தது, யாராவது வசியம் செய்துவிட்டார்களா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். “பாத்தீங்களா, பிழையத் திருத்தினாத்தான் இங்க பிழை” என்று அவர் அலுத்துக்கொண்டார். அது சிரிப்பான காலம். அதைச் சொல்லாமல் விட்டால், பிறகு வந்தது எவ்வளவு கசப்பு என்று உங்களுக்குப் புரியாது.

முறையாக உரிமை வாங்கி அச்சிட முன்வந்தவர் அந்தக் கொழும்புப் பதிப்பாளர். அந்த நன்றியை நான் மறைக்கவில்லை. முதல் ஐந்து பாகங்களும் ஜப்பானில் வந்த மாதிரியே வலமிருந்து இடமாக வந்தன. வழக்கமாகப் புத்தகத்தைத் திறக்கும் பக்கத்தில் மஹ்ரூப் நானா தன் பாணியில் ஓர் எச்சரிக்கை எழுதினார்: “நில்லுங்க! பின்கதவால வாறீங்க. சுத்தி வந்து முன்கதவத் தட்டுங்க.” மாத்தளையின் முஸ்லிம் பிள்ளைகளுக்கு அந்த எச்சரிக்கையே தேவைப்படவில்லை. மற்றப் பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுதில் பழகிக்கொண்டார்கள். பழகாதவர்கள் பெரியவர்கள்தான். பல புத்தகக் கடைகள் கட்டுகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், “பைண்டிங் பிழை” என்று திருப்பி அனுப்பின.

ஆறாம் பாகத்துக்கு முன் பதிப்பகத்திலிருந்து, எழுத்தையும் படத்தையும் தனித்தனியாக அனுப்பச் சொன்னார்கள். அச்சுத் தரத்துக்காக என்று நினைத்து நாங்களும் கொடுத்தோம். புத்தகம் வந்தது. மஹ்ரூப் நானா பார்சலைப் பிரித்து, வழக்கம்போல வலப் பக்கத்தால் திறந்தார். கடைசிப் பக்கம் வந்தது. எல்லாப் படத்தையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரிப் புரட்டிப் போட்டு, இடமிருந்து வலமாக்கியிருந்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தினார். ஆறாம் பாகத்தின் உயிரே அந்த இரட்டைப் பக்கப் படம்தான். ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து, மழை கேட்டுச் சத்தியம் செய்துகொண்டு சாப்பிடுகிறது. கிழவர், குழந்தை, மினோ, எல்லோரும் இப்போது இடது கையால் சோற்றை அள்ளி வாயில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. எந்த வீட்டிலும், எந்த மதத்திலும், பிள்ளை இடது கையைத் தட்டில் வைத்தால் அடி விழும். எல்லாக் கதாபாத்திரமும் இடது கையால் சாப்பிடும் புத்தகம் என்று பேச்சு பரவியது. ஒரு பாடசாலை நூலகத்தில் ஆறாம் பாகத்தோடு சேர்த்து முதல் ஐந்தையும் எடுத்துவிட்டார்கள். அம்மாகூட, “ஏண்டி, அந்தப் புள்ளைகளுக்கு என்னா கேடு வந்துச்சு?” என்று கேட்டாள். வாசகருக்கு இலகுவாக்குகிறேன் என்று புரட்டியவருக்கு, அந்த வாசகர் எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்பது ஞாபகம் வரவில்லை.

ஒருநாள் நான் அவருடைய கடையில் இருந்தபோது, மாலைத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஒருவர் நேராக வந்தார். கையில் ஆறாம் பாகம். “மஹ்ரூப், நீங்க ஓதின மனிசன்தானே? சைத்தான் தின்னுற கையால தின்னப் பழக்குற பொஸ்தகமா புள்ளைகளுக்குக் குடுக்குற?” என்று கேட்டார். நான் வாய் திறக்க முன் மஹ்ரூப் நானா எழும்பி, சுவரில் மாட்டியிருந்த வேன் சைட் மிரர் ஒன்றைக் கழற்றி எடுத்து வந்தார். பந்திப் பக்கத்தை விரித்து, கண்ணாடியை அதன்முன் பிடித்தார். “இப்பப் பாருங்க. எந்தக் கை?” கண்ணாடிக்குள் எல்லோரும் வலது கையால் சாப்பிட்டார்கள். வந்தவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். “அப்ப இனிப் பொஸ்தகத்தோட கண்ணாடியும் சேத்துத்தான் விக்கிறதோ?” என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் சிரித்துவிட்டேன். மஹ்ரூப் நானா சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துணியால் துடைத்து, மறுபடி இருந்த இடத்திலேயே மாட்டினார்.

பதிப்பாளரைத் தொலைபேசியில் பிடிக்க முடிந்தது அன்றைக்குத்தான் கடைசி. மஹ்ரூப் நானா ஒலிபெருக்கியில் போட்டார், நானும் கேட்டேன். “சேர், தமிழ் இடமிருந்து வலம்தானே? கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். வாசகர்களுக்கு இலகுவாக இருக்கட்டும் என்றுதான்.”

“எந்த வாசகர்? மாத்தளைல ஒரு புள்ள ஒங்களுக்கிட்ட வந்து கஷ்டமெண்டு சொல்லிச்சா?”

“சந்தை பெரியது சேர்.”

“சந்தை பெரிசுதான். அதுல எல்லாரும் எந்தக் கையால தின்னுறாங்க எண்டு ஒருக்காப் போய்ப் பாருங்க.”

மறுமுனையில், பயணத்தில் இருப்பதாகச் சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். ஜப்பான்காரர்களிடம் புரட்டுவதற்கு அனுமதி வாங்கினாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் முன்பே அனுப்பிவைத்திருந்த ஏழு, எட்டு, ஒன்பதும் புரட்டித்தான் வந்தன. முன்னட்டையில் இருந்த மஹ்ரூப் நானாவின் பெயர் பின்னட்டைக்குப் போய், அங்கிருந்து உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் ‘தமிழில்: எம். எம்.’ என்று சுருங்கியது. பெயர் பெரிதாக வருவதில் அவருக்கு அவ்வளவு ஆசை. அதை ஒளித்ததும் கிடையாது. “என்ட பேரப் பாக்கத்தான் நான் இவ்வளவும் செய்யிற. அதுல என்ன வெக்கம்?” என்பார். பிறகு டொலர் தட்டுப்பாட்டால் நாட்டில் கடதாசியே இல்லாத அந்த வருடம் வந்தது. பரீட்சைத் தாளுக்கே தவித்த நேரம் சித்திரக்கதையை யார் அடிப்பார்? ஒன்பதாம் பாகத்தோடு நின்றது. அதன் கடைசிப் பக்கத்தில், மினோ நிறைந்த கூடையோடு கணவாயில் நிற்கிறாள். ஒரு பக்கம் பிரபுவின் வயல். மறுபக்கம் அவளுடைய ஊர். கீழே ‘தொடரும்’. கடதாசி திரும்பி வந்தது. பதிப்பகம் சமையல் குறிப்பும் சோதிடமும் அடித்தது. மேகக்கூடையை அடிக்கவும் இல்லை, உரிமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவர் கடை திறப்பதில்லை. தொழுதுவிட்டு என் கடைக்கு வந்துவிடுவார். அச்சிட ஆளில்லாமலே நாங்கள் பத்தாம் பாகத்தைத் தொடங்கினோம். வலமிருந்து இடமாகத்தான். பதினான்குவரை எல்லாக் குமிழும் நிரம்பியது. அந்த மனிதர் ஒரு சொல்லுக்காக அரை மணிநேரம் சண்டை பிடிப்பார். யாருமே வாசிக்கப்போகாத பக்கத்துக்கு எதற்கு இந்தச் சண்டை என்று கேட்டதற்கு, “வாசிக்கிற நேரத்துல போய் சண்ட புடிக்க ஏலாதே” என்றார். தனக்குத் தெரிந்த யார்ட் ஜப்பானிய மொழியில் மூலப் பதிப்பகத்துக்கு எழுதினார். மிகப் பணிவான பதில் வந்தது: தமிழ் உரிமை வைத்திருப்பவரோடு பேசவும். கொழும்புக்கு பஸ் ஏறிப் போய்ப் பதிப்பக வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். பதிப்பாளர் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்களாம். “அவர்ட செருப்பு வாசல்ல இருந்திச்சு தங்கச்சி” என்றார்.

கலேவெலவில் மரக்கறி வியாபாரம் செய்யும் ஒருவர் தன் லொறிக்குப் பார்ட்ஸ் வாங்க வரும்போது மகளையும் கூட்டி வருவார். அந்தப் பெண் ஒன்பதாம் பாகத்தை வாசித்தபோது பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பில் இருந்தாள். ஒவ்வொரு முறையும் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “மினோ எந்தப் பக்கம் கொட்டினா?” மஹ்ரூப் நானா சொல்லமாட்டார். “பொஸ்தகம் வரும் மகள். கேட்டுத் தெரிஞ்சிக்கிற கதையில்ல, பாத்துத் தெரிஞ்சிக்கிற கதை” என்பார். போன வருடம் அவள் தாதியர் பயிற்சிக்குப் போகும்முன் விடைபெற வந்து, மறுபடியும் கேட்டாள். அப்போதும் சொல்லவில்லை. அவள் போனபின் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அவரோடு விலை பேசியவர்கள் யாரும் ஏச்சு வாங்கவில்லை.

சிறுநீரகம் பழுதாகி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில், நோயாளர் பார்க்கும் நேரத்துக்குப் போயிருந்தேன். ஸீனத் ராத்தா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். மஹ்ரூப் நானா அந்தக் கையைத் தட்டிவிட்டு, என்னிடம் திரும்பிச் சொன்னார்: “தேவி, அந்தக் கொழும்புக்காரனுக்குச் சொல்லுங்க. பொரட்டியே போடட்டும். வலமா இடமா, எப்படியெண்டாலும் பரவால்ல. முடிஞ்சாப் போதும்.”

படுக்கையில் கிடக்கிற மனிதர் என்று பார்க்காமல் சண்டை பிடித்தேன். “இவ்வளவு காலமும் எதுக்கு நானா கத்துனீங்க அப்ப?”

“கத்தி என்ன வந்திச்சு? அந்தக் கலேவெலப் புள்ளைக்கு முடிவு தெரியாமலே நான் போகப்போறேன். நான் மவுத்தானா எவன் பாக்கப்போறான் எந்தக் கையெண்டு?”

“நான் பாப்பேன்.”

ஸீனத் ராத்தா, “ரெண்டு பேரும் இங்கேயுமா?” என்று முணுமுணுத்தார். மஹ்ரூப் நானா கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். “நீங்க பாப்பீங்கதான்” என்றார். அதன்பிறகு அவர் என்னோடு பேசியது, வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டது மட்டும்தான்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பதிப்பாளர் அழைத்தார். நினைவுப் பதிப்பாக எல்லாப் பாகத்தையும் கொண்டுவரப் போகிறாராம். அட்டையில் அவர் பெயர் பெரிதாகப் போட்டு, உள்ளே முழுப்பக்கப் படம். என்னிடம் இருக்கும் ஐந்து பாகங்களை அனுப்பினால் போதும். “முன்பு வந்த மாதிரியே இடமிருந்து வலமாகத்தான் மேடம். சேரும் கடைசியில் அதற்குச் சம்மதித்துவிட்டார் என்று முன்னுரையில் நீங்கள் ஒரு வரி எழுதிவிட்டால் பிரச்சினை வராதுதானே?”

மஹ்ரூப் நானா உண்மையிலேயே சம்மதித்துவிட்டார் என்று அந்த ஆளுக்குத் தெரியாது. ஒரு பொய்யை என்னிடம் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டார். நான் சொன்னேன்: “இல்லை. மஹ்ரூப் நானா கடைசிவரை சம்மதிக்கவில்லை.” பொய் சொன்னது நான்தான். இந்த மலர் அந்தப் பதிப்பாளர் கைக்கும் போகும் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். வலமிருந்து இடமாக அடிப்பதானால் பக்கங்கள் இன்றைக்கே தயார் என்றும் அன்றைக்கே சொன்னேன். அதற்கு அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசிக்கிறார்.

நான் செய்தது சரியென்று நீங்கள் யாரும் சொல்ல வேண்டாம். ஒரு மனிதர் மரணப்படுக்கையில் கேட்டதை மறுத்திருக்கிறேன். அந்தக் கலேவெலப் பெண்ணுக்கும், அவளைப் போல் கணவாயில் நின்றுகொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் முடிவு தெரியாமல் செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் பந்தியை மறுபடி ஒருமுறை இடது கையால் சாப்பிட வைத்து, அதன் அட்டையில் அவர் பெயரைப் பெரிதாகப் போட என்னால் முடியாது. அவருடைய பேரப்பிள்ளைகள் இந்த ஊரில்தான் வளரப்போகிறார்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ளும் கதை இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். மன்னிக்கட்டும். தமிழில் பதினான்காம் பாகம் எப்போதாவது வந்தால், அதில் பாருங்கள். வராவிட்டால், அதன் தமிழ்ப் பதிப்பு இந்தச் சில வரிகள்தான். மினோ பிரபுவின் வயலில் கொட்டவில்லை. ஊரிலும் கொட்டவில்லை, ஊருக்குள் கொண்டுபோகப் பிரபுக்கள் விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். கணவாயிலேயே, நின்ற இடத்தில், கூடையைக் கவிழ்த்துவிடுகிறாள். மழை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை மலை தீர்மானிக்கட்டும் என்று விடுகிறாள். கடைசிப் பக்கத்தில் அவள் தனியாக இறங்கி நடக்கிறாள். ஒரே ஒரு குமிழ். அதை நிரப்ப எங்களுக்கு மூன்று வெள்ளிக்கிழமை போனது. மஹ்ரூப் நானா எழுதியதை நான் அப்படியே தருகிறேன்: “பாரம் எறங்கிருச்சு. முதுகுதான் இன்னும் நிமிர மாட்டேங்குது.”

அவருடைய எண்ணெய்க் கறை படிந்த புத்தகங்களை ஸீனத் ராத்தா என்னிடம் தரப் பார்த்தார். பேரப்பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அவரிடமிருந்து வேண்டியது ஒன்றுதான். ஒரு வாழ்க்கை முழுக்க வைத்திருந்த பிடிவாதத்தை அவர் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறக்கி வைத்தார். அதை நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.